வெள்ளை இல்லாத வெள்ளைச் சட்டை

மகனே,

நீ இதை வாசிக்கும்போது உனக்கு முகம் வழிக்கிற வயதாகியிருக்கும். அம்மாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், மீசை வந்த பிறகு கொடு என்று. இப்போது உனக்கு ஆறு, எனக்கு முப்பத்திநான்கு. ஆகவே இது ஒரு கிழவனின் புத்திமதிக் கடிதம் இல்லை. நரைத்த பிறகு எழுதலாம் என்று விட்டால் நான் எழுதவே மாட்டேன், எழுதினாலும் எல்லாவற்றையும் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன். நாளைக் காலை நீயும் அம்மாவும் கனடாவுக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கிற அம்மாவின் அண்ணன் எடுத்த விசா அலுவல் உங்கள் இருவருக்கும் சரிவந்துவிட்டது, என்னுடைய பத்திரங்கள் இன்னும் வரவில்லை. எப்போது வரும் என்று கேட்டால் கந்தோரில் இருப்பவர் கூரையைப் பார்க்கிறார். எனவே சொல்ல வேண்டியதை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சுற்றி வளைத்துக் கதைக்க வராது. அந்தக் குறையை நீ ஏற்கெனவே அறிவாய்.

கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள இந்த பிளாட்டின் முன்னறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. நீ மறந்திருப்பாய், ஆகவே முதலில் அளவு: அகலம் இருபத்திநான்கு அங்குலம், உயரம் முப்பது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை கதிரையில் இருந்து கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. நான் கீறியது. கீறியது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை, ஒரு பிரெஞ்சுக்காரர் நூறு வருடத்துக்கு முன் கீறியதைப் பார்த்துக் கீறியது. அதில் உள்ள முகம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கடிதம். அதைச் சொல்வதென்றால் உன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும்.

உனக்கு ஓர் அக்கா இருந்தாள். அது உனக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் எல்லாவற்றிலும் அவசரக்காரன், கலியாணம் இருபத்திமூன்றில், அடுத்த வருடம் அவள். எனக்கு வேலை கொழும்பில், கட்டிடக் கம்பனியில் வரைபடம் கீறுகிற டிராஃப்ட்ஸ்மன். அம்மாவும் அவளும் யாழ்ப்பாணத்தில். லீவு கிடைத்து, பாதையும் திறந்திருந்தால்தான் போக முடியும். நான் கணக்குப் பார்த்திருக்கிறேன்: அவள் உயிரோடு இருந்த நான்கு வருடத்தில் நான் அவளோடு இருந்தது நூற்று நாற்பது நாள். அதிலும் பாதி அவள் நித்திரை. சண்டையில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது காய்ச்சல் வந்து ஐந்தாம் நாள் போய்விட்டாள். நீ அப்போது எட்டு மாதக் குழந்தை. செய்தி எனக்கு வந்து சேர மூன்று கிழமை. பிறகு அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு கப்பலில் வந்து சேர்ந்தாள். அல்பம், பெட்டி, வீடு எல்லாம் அங்கேயே போய்விட்டன. எங்களிடம் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

ஒன்று இருந்தது. அதுதான் பிழை. அவளுடைய மூன்றாவது பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படத்தை அம்மா எனக்கு அனுப்பியிருந்தாள். நான் அதைப் பேர்ஸில் வைத்திருந்தேன். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை, ஊர்ப் பெயரோடு. அந்த நாட்களில் என்னைப் போன்ற தமிழர் தங்கியிருந்த லொட்ஜுகளை ஆமிக்காரர் சுற்றி வளைத்துத் தேடுவார்கள். பேர்ஸில் கிடக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் விளக்கம் சொல்ல வேண்டும், ஊர்ப் பெயரைக் கண்டால் விளக்கம் நீளும், சில நேரம் ஒரு கிழமைக்கு நீளும். ஒரு நாள் விடிய கீழ்த்தட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் படத்தைக் குசினி அடுப்பில் போட்டேன். பிள்ளை ஊரில் சுகமாக இருக்கிறாள், இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று நினைத்தேன். இரண்டு நிமிட வேலை. அன்றைக்கு அவர்கள் என் தட்டுக்கு ஏறவே இல்லை. அம்மா கொழும்புக்கு வந்து கேட்டபோது லொட்ஜ் மாறும்போது துலைந்துவிட்டது என்று சொன்னேன்.

போன வருடம் ஒரு நாள் அம்மா அரிசி கழுவிக்கொண்டு நிற்கும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “அவளின்ரை முகம் எனக்கு அழிஞ்சுகொண்டு போகுது. கண்ணை மூடினால் சட்டை வருது, கொலுசு வருது. முகம் வரேல்லை.” சொல்லக்கூடிய ஒரே பதில் என் வாயில் இருந்து வராது.

அதற்குப் பிறகுதான் கொட்டாஞ்சேனையில் அந்தக் கலண்டரைக் கண்டோம். ரெக்ஸ் மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும், துறைமுகத்தில் கப்பலுக்குப் பெயின்ற் அடிக்கிற பகுதியில் மேற்பார்வை செய்பவன், என் வயதுக்காரன், உன்னைக் கண்டால் காதைப் பிடித்துத் தூக்குவான். மாதா கோயில் திருநாளுக்கு அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு பழைய கலண்டர். மாதங்களைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் இம்ப்ரெஷனிஸ்ட் என்று ஏதோ போட்டிருந்தது, கீறியவரின் பெயர் இருந்த மூலையைக் கறையான் தின்றுவிட்டது. அம்மா கையில் கோப்பையோடு அதன் முன்னால் நின்றாள். நான் கூப்பிட்டேன், ரெக்ஸின் மனைவி கூப்பிட்டாள், திரும்பவில்லை. கடைசியில், “கழுத்தைப் பாருங்கோ, கூப்பிட்டால் அவள் இப்படித்தான் திரும்புவாள்” என்றாள். முகம் அவள் இல்லை, பொன்னிற மயிருள்ள வெள்ளைக்காரப் பிள்ளை. திரும்பல் அவளுடையதாம். ரெக்ஸ் ஒன்றும் கேட்காமல் கதிரையில் ஏறிக் கலண்டரைக் கழற்றிச் சுருட்டி என் கையில் தந்தான்.

பஸ்ஸில் வரும்போதே நான் அறிவித்துவிட்டேன்: இதை எண்ணெய் வர்ணத்தில் பெரிதாகக் கொப்பி பண்ணி, முகத்தை மட்டும் அவளாக மாற்றித் தருகிறேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், நம்பவும் பயம், நம்பாமல் விடவும் பயம். “உங்களுக்கு அவளின்ரை முகம் ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். மகனே, பொய் சொல்வதென்றால் ஒன்றோடு நிறுத்து. இரண்டாவது பொய் முதலாவதைக் காவல் காக்க வருவது, அது தானாகவே வரும், நீ கூப்பிடத் தேவையில்லை.

நான் எப்படி வேலை செய்வேன் என்று உனக்குத் தெரியும். கலண்டர்ப் படம் எட்டங்குலத்துக்குப் பத்து. அரை அங்குலச் சதுரங்களாகக் கோடு போட்டால் முந்நூற்றிருபது. அந்தச் சதுரங்களை நிறக் குறிப்போடு ஒரு தனித் தாளில் கீறினேன், மேலே எழுத்து, பக்கத்தில் இலக்கம். ரெக்ஸ் துறைமுகத்தில் இருந்து கொண்டுவந்த கன்வஸில் அதையே மும்மடங்காகப் போட்டேன். ஒரு நாளைக்குப் பதினாறு சதுரம், இருபது நாளில் முடியும் என்று சுவரில் அட்டவணை ஒட்டினேன். புறக்கோட்டைக் கடையில் டியூப் வர்ணமும் அதில் கலந்தால் காய்ந்து இறுகுகிற லின்சீட் எண்ணெயும் வாங்கினேன். பிள்ளையின் உருவத்தை வரைபட மையால் கீறினேன், எனக்குக் கோடு இல்லாமல் எதுவும் தொடங்காது. கிழமைக் கடைசியில் ரெக்ஸ் வந்து பார்த்தான். “என்னடாப்பா, புள்ளைக்கு வேலி அடிச்சு வச்சிருக்கிறாய்? அது எங்க ஓடப்போவுது?” என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவன் போன பிறகு கலண்டரைக் கிட்ட வைத்துப் பார்த்தேன், கன்னம் முடிந்து மயிர் தொடங்குகிற இடத்தில் கோடு எங்கே என்று. கோடு இல்லை. எங்குமே இல்லை. கன்னத்து நிறம் கொஞ்சம் மயிருக்குள் போயிருந்தது, மயிரின் நிறம் கொஞ்சம் சுவருக்குள் போயிருந்தது. அப்படியிருந்தும் பிள்ளை பிள்ளையாக, சுவர் சுவராக இருந்தது. பதினான்கு வருடமாகக் கோடு போட்டுச் சாப்பிடுகிறவன் நான். அன்றைக்கு என் பேனை கையில் பாரமாக இருந்தது.

அடுத்த அடி உன்னுடையது. நான் சட்டைக்கு வெள்ளை டியூபைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். நீ என் முழங்காலில் சாய்ந்து நின்று, “அப்பா, அது நீலச் சட்டை” என்றாய். வெள்ளையடா என்றேன். “இல்லை, நீலம். இஞ்சை றோஸ்.” விளையாடாமல் போ என்று ஏசினேன். நீ போகவில்லை. உன்னைப் பிழை என்று நிரூபிக்கத்தான் ஒரு தடித்த கடதாசியில் அரை அங்குலச் சதுர ஓட்டை வெட்டி, கலண்டர்ப் படத்தின் மேல் வைத்தேன், சுற்றியிருப்பதெல்லாம் மறைந்து அந்த ஒரு சதுரம் மட்டும் தெரியும்படி. ஓட்டைக்குள் இருந்தது நீலம். மழைக்கு முந்திய கடலின் நீலம். ஒரு சதுரம் தள்ளினேன், றோஸ். இன்னும் தள்ளினேன், வெண்ணெய் மஞ்சள், சாம்பல், மடிப்பில் பச்சை. முழுச் சட்டையையும் அப்படித் தடவிப் பார்த்தேன். தோளில் ஓர் அரிசியளவு இடத்தைத் தவிர வெள்ளை என்று ஒன்று அந்தச் சட்டையில் கிடையாது. கடதாசியை எடுத்தேன். பளீரென்ற வெள்ளைச் சட்டை. திரும்ப வைத்தேன், நீலம். எத்தனை தரம் வைத்து வைத்து எடுத்தேன் என்று தெரியாது, சோறு ஆறிப்போனதாக அம்மா சொன்னாள். ஒரு மனிதன் நூறு வருடத்துக்கு முன் ஒரு பிள்ளையின் முன்னால் உட்கார்ந்து, வெள்ளை என்று எல்லோரும் சொன்னதை நம்பாமல், கண்ணுக்கு வந்ததை மட்டும் வைத்திருக்கிறான். அது தூரத்தில் நிற்கிறவனுக்கு வெள்ளையாகப் போய்ச் சேர்கிறது. நான் கோடு போட்டுக் கொடுத்த எந்தச் சுவரும் அவ்வளவு துல்லியமாக நிற்கவில்லை. நீ ஐந்து வயதில் அதை வெறுங்கண்ணால் கண்டாய். உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அட்டவணையைச் சுவரில் இருந்து கிழித்தேன். சட்டைக்கு மட்டும் ஒன்றரை மாதம் ஆனது. சட்டை, கதிரை, சுவர், கழுத்துத் திரும்பல் எல்லாம் வந்துவிட்டன. முகம் மட்டும் மிச்சம். அந்த நேரத்தில் நகரில் குண்டு வெடித்து நாலைந்து நாள் கடைகள் பூட்டு. லின்சீட் எண்ணெய் முடிந்துவிட்டது. பொறுக்க ஏலாமல் குசினியில் இருந்த நல்லெண்ணெயை எடுத்துக் கலந்தேன். எண்ணெய்தானே என்று நினைத்தேன். அது காயவே காயாது என்பதை ரெக்ஸ்தான் பிறகு சொன்னான், படத்துக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோய், “புள்ளைக்கு எண்ணெய் வச்சு முழுக வாத்திருக்கிறாய் போல” என்று.

ஆனால் காயாத எண்ணெயால் ஒரு வசதி இருந்தது. துணியால் துடைத்தால் முகம் முழுதாகப் போய்விடும், அடியில் இருக்கிற காய்ந்த பூச்சு அப்படியே இருக்கும். நான் ஒரு முகம் போட்டேன். அம்மா வந்து பார்த்து, “இது ஆர்?” என்றாள். துடைத்தேன். இரண்டாவது முகம் என் தங்கச்சியைப் போல வந்தது. மூன்றாவது கலண்டர்ப் பிள்ளைக்கு மை பூசியது போல. இப்படிப் பதினொரு முகம் துடைத்தேன். கண் இவ்வளவு பெரிசில்லை, நெற்றி இப்படியில்லை என்று அம்மாவால் எது அவள் இல்லை என்று சொல்ல முடிந்தது, எது அவள் என்று சொல்ல முடியவில்லை. என்னால் இரண்டுமே முடியவில்லை. நூற்று நாற்பது நாளில் அவள் என் தோளில் நித்திரை கொண்ட பாரம் ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை. ஒவ்வொரு துடைப்புக்கும் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கதைப்பதைக் குறைத்தாள். அவளிடம் மிச்சமிருந்த முகத்தையும் நான்தான் துடைக்கிறேன் என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

பதினொன்றாவது முகத்தைத் துடைத்துவிட்டு நின்ற பின்னேரம் ஆமிக்காரர் வீடு வீடாகப் பார்க்க வந்தார்கள். பொலிஸ் பதிவுத் தாளில் உள்ள ஆட்களை எண்ணிவிட்டு ஒருவர் என் சதுரத் தாளைக் கையில் எடுத்தார். எழுத்து, இலக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் சின்னச் சின்னக் குறிப்பு. எந்த இடத்தின் வரைபடம் என்று சிங்களத்தில் கேட்டார். இந்த முறை நான் எதையும் அடுப்பில் போடவில்லை. கன்வஸைத் திருப்பிக் காட்டினேன், பக்கத்தில் கலண்டரை விரித்தேன். அவர் தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, விரலால் கட்டங்களை எண்ணி, யாருடைய பிள்ளை என்று கேட்டார். “மகே துவ” என்றேன், என் மகள் என்று. “மூண நேனே” என்றார், முகம் இல்லையே என்று. கேலியாகச் சொல்லவில்லை, ஒரு வேலையில் குறை காண்கிறவன் சொல்வது போலச் சொன்னார். தாளைத் தந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா குசினி வாசலில் நின்றாள். அந்த இடத்திலேயே சொன்னேன். படம் துலையவில்லை, நான் எரித்தேன், முத்திரைக்குப் பயந்து எரித்தேன், அவளுடைய முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டாள்: “உங்களிட்டை மை இருந்ததுதானே? முத்திரைக்கு மேலை பூசியிருக்கலாமே.”

என் சட்டைப் பையில் வரைபட மைப் போத்தல் இல்லாத நாள் கிடையாது. அன்றைக்கும் இருந்தது. அது எனக்குத் தோன்றவே இல்லை. மகனே, உன்னை யாராவது கெட்டிக்காரன் என்று சொன்னால் இந்த இடத்தை ஒருமுறை வாசி. பயந்த மூளைக்கு எரிக்கிறது ஒன்றுதான் தெரியும். பயம் வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நூறு வரை எண்ணு. நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி அதுதான், அதற்கு நான் கொடுத்த விலை உன் அக்காவின் முகம்.

மூன்று நாள் அம்மா என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கன்வஸில் முகம் இருந்த இடம் மண்ணிறமாக வெறுமையாகக் கிடந்தது. அக்காவைக் கீறுவதை நான் கைவிட்டுவிட்டேன். குறைந்தது ஒரு பிள்ளையின் கன்னத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்றாவது படித்து, யாருடையதும் இல்லாத ஒரு முகத்தைப் போட்டு முடிப்போம் என்று உன்னைக் கூப்பிட்டு, கடற்பக்கச் சன்னலடியில் ஸ்டூலில் இருத்தினேன். ஆடாதே என்றேன். நீ ஆடாமல் இருந்தாய், அதுவே எனக்கு ஆச்சரியம். ஓட்டைக் கடதாசியைக் கண்ணுக்கு முன் பிடித்து உன் முகத்தைப் பார்த்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உன் காது சிவப்பு, வெளிச்சம் அதற்குள்ளால் வந்தது, பின்னால் விளக்கு வைத்தது போல. கன்னத்தின் கீழே கடலில் இருந்து ஏறிவந்த பச்சை. கண்ணுக்கடியில் ஊதா. நெற்றியில் தேன் நிறம், அது புருவத்துக்கு வரும்போது சாம்பலாக இறங்குகிறது. கறுப்புப் பொடியன் என்று ரெக்ஸ் பகிடி பண்ணுவான், உன் முகத்தில் கறுப்பு ஓரிடத்திலும் இல்லை. காலி வீதிப் பஸ் சத்தமும் கரையோரம் போகிற ரெயில் சத்தமும் கேட்கவில்லை எனக்கு. பிறகுதான் உறைத்தது, ஐந்து வருடமாக இந்த முகம் என் வீட்டில் இருக்கிறது, நான் இதை ஒருநாளும் பார்க்கவில்லை என்று. அதையும் ஒளிக்கமாட்டேன்: நீ கப்பலில் வந்து இறங்கிய நாளில் இருந்து உன்னை நான் தூக்கியது குறைவு. ஒரு பிள்ளையின் முகத்தை எரித்தவனுக்கு மற்றப் பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பயம். உனக்குச் சப்பாத்து வாங்கினேன், காய்ச்சலுக்கு மருந்து எடுத்தேன், பார்க்கவில்லை. அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் பார்த்தேன். யாரையும் நினைக்காமல், கண்ணுக்கு வந்ததை வந்தபடி ஒவ்வொரு பொட்டாகக் கன்வஸில் வைத்தேன். நீ நடுவில் ஒருதரம் சிரிப்பை அடக்க உதட்டை மடித்தாய். அதையும் வைத்தேன்.

அம்மா துணி காயப்போடப் போகிறவள், வாளியோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. படத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், திரும்பப் படத்தைப் பார்த்தாள். “வாய்,” என்றாள். “வாய் அவளின்ரை. சிரிப்பை அடக்கினால் அவள் இப்படித்தான் மடிப்பாள்.” பிறகு உனக்குக் கிட்ட வந்து உன் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நிலத்தில் குந்தி இருந்து பார்த்தாள். “ஒவ்வொரு நாளும் இந்த வாய்க்குத்தானே சோறு ஊட்டினனான்,” என்றாள். நீ பல்லுச் சோதனை போலும் என்று நினைத்து வாயைத் திறந்து பல்லைக் காட்டினாய். அம்மா சிரித்தாள். கண்ணீரும் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள்.

அந்த வாயில் இருந்து தொடங்கி மற்றது அவளுக்கு ஒவ்வொன்றாக வந்தது, அடுத்தடுத்த கிழமைகளில், நான் கீறாமலே. இடது புருவம், மூக்கு நுனி, நித்திரையால் எழும்பும்போது உள்ள முகம். சுவரில் உள்ளதை நான் மாற்றவில்லை, மாற்ற அம்மா விடவில்லை. நீ இதைப் பிழையாக விளங்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ அவளுக்குப் பதிலாக வந்தவன் இல்லை. வாய் ஒன்றுதான் அவளோடு பொது. காதும் நெற்றியும் அந்தத் தேன் நிறமும் உன்னுடையவை, நான் சதுரம் சதுரமாகப் பார்த்தவன் சொல்கிறேன். அம்மா சில நேரம் சாப்பாட்டின் நடுவில் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் எரிச்சல்படாதே. இரண்டு நிமிடம் பார்க்க விடு.

படத்தைக் கொண்டுபோக முடியவில்லை. நல்லெண்ணெயில் போட்ட முகம் இன்னும் காயவில்லை, சுருட்டினால் அழிந்துவிடும். ஆகவே அது என்னோடு, முகம் உன்னோடு. அம்மா அப்படித்தான் பங்கு பிரித்தாள்.

இப்போது பின்னேரம் நாலு மணி. பெட்டிகள் கட்டியாகிவிட்டன. அம்மா பாஸ்போட்டுகளை நாலாவது தரம் சரிபார்க்கிறாள். நீ சன்னலடியில் புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நாடா கட்டப் பழகுகிறாய், கட்டிக் கட்டி அவிழ்கிறது, வழமையாக இந்த நேரம் நான் பொறுமையிழந்து வந்து கட்டிவிட்டிருப்பேன். வெளிச்சம் உன் கழுத்தில் விழுகிறது. நாளை காலை ஆறு மணிக்கு எயார்போட்டுக்குப் போகிற வான் வரும். அதுவரை எனக்கு வேறு வேலை கிடையாது. பேனையை வைக்கிறேன், நீ நாடா கட்டுவதைப் பார்க்க வேண்டும்.

அப்பா